ஊர் போஸ்ட்மாஸ்டருக்கு நினைவுக்குறிப்பு எழுதும்போது

காரைக்குடி, தேவகோட்டைச் சுற்றுவட்டாரத்தில் நெடுங்காலம் தபாலாபீஸ் பார்த்தவர் காலமானால், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவுக்குறிப்பு அச்சிட நினைப்பவர்களுக்காக இது. 'அன்பானவர், பண்பானவர்' என்று நாலு வரி போட்டு முடித்துவிடாதீர்கள்; அது யாருக்கும் பொருந்தும். அவர் உழைப்புக்குச் சாட்சி ஊரார் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது.

முதலில் பதவியைச் சரியாகப் பிடியுங்கள். துணை அஞ்சலகத்தில் இருந்தவர் பெரும்பாலும் துறையின் முழுநேர ஊழியர். கிளை அஞ்சலகத்தைப் பார்த்தவரை முன்பு 'ஈ.டி. போஸ்ட்மாஸ்டர்' (எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல், அதாவது துறைக்கு வெளியாள்) என்றார்கள், 2001 விதிகளுக்குப் பின் கிராமின் டாக் சேவக் (கிராம அஞ்சல் ஊழியர்). துறை ஊழியருக்கு ஓய்வு வயது 60 (1998க்கு முன் 58), கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 65. இது தெரியாமல் கணக்குப் போட்டால் பணிக்காலத்தில் ஐந்து வருஷம் காணாமல் போகும். கிளை ஆபீஸ் தினம் சில மணி நேர வேலைதான், பல ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது. மீதி நேரத்தில் விவசாயமோ கடையோ பார்த்திருப்பார், அதையும் எழுதுங்கள்.

தேதிகளுக்கு நியமன உத்தரவும் சார்ஜ் ரிப்போர்ட்டும் (பொறுப்பேற்ற, ஒப்படைத்த அறிக்கை) போதும். அவை கிடைக்காவிட்டால் பழைய சேமிப்புப் பாஸ்புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரவு செலவுக்கும் நேரே அவருடைய சுருக்கொப்பம் இருக்கும், பக்கத்தில் தேதி முத்திரை இருக்கும். மை ஊறி எழுத்து தெரியாவிட்டால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். அந்தக் கையெழுத்து முதலில் வரும் தேதி, கடைசியாக வரும் தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் வேறு கையெழுத்து வந்தால் அவசரப்படாதீர்கள். லீவில் பதிலாள் பார்த்திருப்பார். ஒரே புத்தகத்தை நம்பாமல் ஐந்தாறு வீட்டுப் புத்தகங்களை ஒத்துப்பாருங்கள். குறிப்பில் படம் போடுவதானால் கணக்கு எண்ணையும் தொகையையும் மறைத்துவிடுங்கள்.

தபால் உறைகள் காலத்தைச் சொல்லும், ஆனால் ஆளைச் சொல்லாது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். அது எழுதியிருந்தால் கடிதம் அதற்குப் பிந்தியது என்பது உறுதி. எழுதாததால் முந்தியது என்று ஆகாது; பலர் பல வருஷம் எழுதவே இல்லை. அதேபோல, சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் பிரிந்தது, அதற்கு முந்திய விலாசங்களில் ராமநாதபுரம் என்றுதான் இருக்கும்.

அடிக்கடி நேரும் தப்பு ஒன்று: 1975இல் வேலைக்கு வந்தவரை 'பர்மாக் கடிதங்களை வீடு வீடாகச் சேர்த்தவர்' என்று எழுதிவிடுவார்கள். பர்மாவில் தொழில் பார்த்த நம் ஊரார் 1942 யுத்தத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள், 1960களில் அங்கே கடைகள் தேசியமயமாயின. அவர் கைக்கு அதிகம் வந்தது மலேசியா, சிங்கப்பூர்க் கடிதமாகத்தான் இருக்கும். தந்தி 2013 ஜூலையில் நின்றது, அதற்குப் பிந்திய காலத்துக்குத் தந்தி கொடுத்ததாக எழுதாதீர்கள். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் அவர் இருந்தாரா என்று கேளுங்கள். வாங்கிய ஆச்சிமார் யாராவது இருந்தால், எந்த நாளில், எங்கே வைத்து எண்ணிக் கொடுத்தார் என்பதுவரை சொல்வார்கள்.

விலாசத்தில் கவனம் வேண்டும். செட்டிநாட்டில் விலாசம் என்றால் முகவரி மட்டுமில்லை, பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளும்தான். ஒரே ஊரில் பத்து ராமநாதன், பத்து சிதம்பரம் இருக்க, அந்த எழுத்தை வைத்துத்தான் அவர் தபால் பிரித்தார். நன்றி சொல்லும் பட்டியலில் ஓரெழுத்து முன்பின்னானால் வேறு வீடு ஆகிவிடும். அந்தந்த வீட்டிலேயே கேட்டு எழுதி, அச்சுக்கு முன் அவர்களிடமே காட்டுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டினார் என்பதை எழுதலாம். அதில் என்ன இருந்தது என்பதை, அந்த வீட்டாரே சொன்னாலும் எழுதாதீர்கள். அவர் ஆயுள் முழுக்கக் காத்தது அது.

இறந்த தேதியில் ஒரு நுணுக்கம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால் ஆங்கிலத் தேதி மாறிவிடும்; தமிழ் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். நேரத்தையும் சேர்த்து எழுதினால் பின்னால் திதி பார்க்கும்போது குழப்பம் வராது.

வாங்கிய உறைக்கும் புத்தகத்துக்கும் எந்த வீடு என்று தனித்தனிச் சீட்டு வைத்து, ஸ்டாம்பைக் கிழிக்காமல் காரியத்துக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.