சென்னை போகிறவர்களுக்கு: வீட்டில் தியாகி பென்ஷன் ஃபைல் இருந்தால்

பார்க்க வேண்டிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது; வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லம். கிண்டி காந்தி மண்டபத்தில், கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. வக்கீலாக இருந்து, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதரை மாடு மாதிரி பூட்டினார்கள் என்று பிள்ளைகளிடம் அங்கே வைத்தே சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் தியாகி பென்ஷன் வாங்கியவர் யாராவது இருந்தால் இதெல்லாம் அப்புறம்தான். முதலில் அந்த ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் தாத்தா 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்றவர். அவருக்குப் பின் மத்திய அரசு பென்ஷன் பாட்டிக்கு வந்தது. பாட்டியும் போன பிறகு, கல்யாணமாகாத மகள் என்ற முறையில் அத்தை கேட்கலாம். "நீ பேசினா மதிப்பாங்க, கூட வாடா" என்றார் அத்தை. பென்ஷன் விஷயமாக அலுவலகத்துக்குப் போனோம்.

சிறைச் சான்றில் தாத்தா பெயருக்கு இனிஷியல் இல்லை, பென்ஷன் ஆணையில் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிப் போனால் வேறு ஜன்னல், வேறு ஆள், மறுபடி முதலிலிருந்து. மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய அந்தச் சான்றை ஒருவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டார். அப்புறம், வரிசையில் அத்தனை பேர் நிற்க, "கல்யாணம் ஆகலைங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்றார். எழுபதைத் தாண்டிய அத்தை பதில் சொல்லாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நாங்களெல்லாம் ஒவ்வொருவராக விமானம் ஏறிய பிறகு பாட்டியைக் கடைசிவரை தூக்கிக் கிடத்திப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க யாருக்கும் அருகதை கிடையாது, எனக்கும்தான்.

அதனால், பாட்டியோ அம்மாவோ இருக்கும்போதே ஆணை, சிறைச் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். சான்றை ஸ்கேன் செய்து பல இடங்களில் வையுங்கள். தியாகியோடு ஒன்றாகச் சிறையில் இருந்தவரிடம் சாட்சி வாங்கலாம் என்றால், இன்று அவர்கள் யார் இருக்கிறார்கள்? திருமணமாகாதவர் என்ற சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விடுமுறையில் முதல் வாரத்தையே இதற்கு ஒதுக்குங்கள், கடைசி வாரத்தை நம்பாதீர்கள். வரிசையில் நீங்கள் நில்லுங்கள். கையெழுத்துக்கு மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.