கோ-கார்ட் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியைச் செய்யும் பெரும்பாலான மாணவர் குழுக்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு பழைய எஞ்சின். உடனே அதைச் சுற்றிப் பைப்பை வெல்டு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஓட்டுபவர் எங்கே உட்காருவார் என்பது கடைசியில்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த வண்டியில் பெரிய பாரமே அவர்தான். தரையில் சாக்பீஸால் சக்கரங்களையும் சீட்டையும் வரைந்து, குழுவிலேயே உயரமானவரை உட்கார வையுங்கள். பெடலுக்குக் கால் எட்டுகிறதா, ஸ்டீயரிங்கில் முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்த அப்புறம் பைப்பை வெட்டலாம்.

இதைவிடப் பெரிய தவறு, கார்ட்டைக் குட்டிக் கார் என்று நினைப்பது. இதில் சஸ்பென்ஷன் இல்லை, வழக்கமாக டிஃபரன்ஷியலும் (வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் பூட்டியவை. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம்தான் போக வேண்டும். ஆனாலும் மற்றதன் வேகத்திலேயே சுற்றியாக வேண்டும். அதைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிவிட்டால் வண்டி சுலபமாகத் திரும்பும். தூக்கிவிடும் வேலையைச் செய்பவை முன்பக்கக் காஸ்டர் கோணமும் (முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) சேஸிஸின், அதாவது பைப் சட்டத்தின், வளைந்துகொடுக்கும் தன்மையும். கிங்பின்னைச் செங்குத்தாக வைத்து, 'உறுதியாக இருக்கட்டுமே' என்று குறுக்கே நாலு பைப்பும் சேர்த்தால், ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைக் கண்ணளவில் வாங்காதீர்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று, டயர் விட்டம் 280 மி.மீ. என்று வைப்போம். 6:1 விகிதத்தில் சக்கரம் 1,000 முறை சுற்றும். வேகம் மணிக்குச் சுமார் 53 கி.மீ. விகிதத்தை 3:1 ஆக்கினால் காகிதத்தில் 106 வரும். நிஜத்திலோ வண்டி இழுக்கத் திணறும். எஞ்சின் வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் வழுக்கி வழுக்கிக் கருகும்.

வெல்டிங்கில் அவசரம் கூடாது. ஒரு மூலையை முழுதாக வெல்டு செய்தால் சூட்டில் பைப் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். எல்லா மூட்டுக்கும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, சமமாக இருந்தால் மேலே போகலாம். சேஸிஸ் கோணலானால் ஆக்சில் பேரிங் இறுகும், செயின் கழன்று கழன்று விழும்.

பிரேக் பெடலைத் தாங்கும் பட்டை மெல்லியதாக இருந்தால், மிதிக்கும் பலம் அது வளைவதிலேயே போய்விடும். வண்டி நிற்கும்போதே முழு பலத்தோடு மிதித்து, பட்டை அசைகிறதா என்று இன்னொருவர் குனிந்து பார்க்கட்டும்.

ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங், செயினுக்கு மூடி, கைக்கெட்டும் இடத்தில் எஞ்சினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்ச்: எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாளிலேயே இந்த மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும்.