தலைமைத்துவ நாளுக்குப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல பள்ளி மாணவர்களை ஒரே இடத்தில் கூட்டி, பேச்சும் குழுச் செயல்பாடும் நடத்தும் இளைஞர் தலைமைத்துவ நாளுக்குப் போய்விட்டு வரும் மாணவர்கள் அன்று மாலை தரையில் கால் பாவாமல் நடப்பார்கள். ஒரு வாரம் கழித்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், "சூப்பரா இருந்துச்சு" என்பதற்கு மேல் வார்த்தை வராது. பழியைப் பேச்சாளர் மேல் போடுவது சுலபம். பெரும்பாலும் கோளாறு அந்த நாளைக் கழித்த விதத்தில்தான் இருக்கும்.

தெரிந்த நண்பர்களோடு ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டு உட்கார்வதில் தொடங்குகிறது அது. நண்பர்களோடு நாளைக்கும் பேசலாம். வேறு பள்ளிப் பிள்ளைகளோடு பேச இந்த ஒரு நாள்தான்.

குழுச் செயல்பாட்டை விளையாட்டு என்று நினைத்துக் கோட்டைவிடுவது அடுத்தது. காகிதத்தையும் ஒட்டுநாடாவையும் கொடுத்து உயரமான கோபுரம் கட்டச் சொல்வார்கள். உடனே ஒருவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கட்டளை போடத் தொடங்குவார். இன்னொருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிடுவார். "நீ என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு" என்று அவரைப் பேச வைக்கிற மூன்றாவது ஆளைத்தான் நான் தலைவர் என்பேன். கோபுரம் சரிந்தால் சரியட்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் 'இதெல்லாம் நமக்கில்லை' என்று ஒதுங்குவதும் இங்கேதான் நடக்கிறது. இந்த வேலைக்கு உரத்த குரல் தேவையே இல்லை.

கேள்வி நேரத்தில் பேச்சாளரிடம் "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்காதீர்கள். பாவம், அவரும் எத்தனை மேடையில்தான் அதற்குப் பதில் சொல்வார்! "உங்கள் குழுவில் முதல் ஆளை எப்படிச் சேர்த்தீர்கள்? பாதியில் யாராவது விலகினார்களா?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மையான கதை வெளியே வரும்.

குறிப்பேட்டில் பஞ்ச் வசனங்களை மட்டும் எழுதி மூடிவைப்பதும் வீண். ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்தார். 1885-ல் வெளியான அந்த ஆய்வில், முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக நடந்தது, பிறகு நிதானப்பட்டது. நீங்கள் கேட்டது பொருளுள்ள பேச்சு, அவ்வளவு வேகமாகக் கரையாது. இருந்தாலும் வீடு திரும்பும் வழியிலேயே, குறிப்பைப் பார்க்காமல், நினைவில் நிற்பதை எழுதிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு நாள் முடியும்போது நடக்கிறது. ஓர் அட்டையைக் கொடுத்து உறுதிமொழி எழுதச் சொல்வார்கள். "சமூகத்தை மாற்றுவேன்" என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும், வேறெதுவும் நடக்காது. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவுசெய்த எண்ணங்கள் செயலாகும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அதன்படி அந்த அட்டையில் இப்படி எழுதலாம்: "புதன்கிழமை மதிய இடைவேளை மணி அடித்ததும் நூலக ஆசிரியரிடம் போய், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்காட்ட வாரம் அரை மணி நேரம் கேட்பேன்." கேட்க எடுபடாத வாக்கியம்தான். ஆனால் வியாழக்கிழமை காலையில் செய்தாயா இல்லையா என்று யாரும் கேட்க முடியும்.

அப்படிக் கேட்க ஓர் ஆளையும் அன்றே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த வேறு பள்ளி மேசையிலிருந்து. ஆசிரியர் மறுத்துவிட்டால் அடுத்து யாரிடம் கேட்பது என்பதையும் அட்டையின் பின்பக்கம் எழுதிவிடலாம்.