நோயுற்ற கடல் மீனுக்கு ஒரு தனித்தொட்டி

மீனின் துடுப்பில் உப்புத் தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், பதறிப்போய்ப் பெரிய தொட்டியில் மருந்தை ஊற்றிவிடாதீர்கள். வெண்புள்ளிக்கான செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்து கொடுங்கள். சிறிய மீனுக்கு 40 லிட்டர் தொட்டி போதும். மணலும் கல்லும் வேண்டாம். அவை செம்பை உறிஞ்சிக்கொள்ளும். ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

சூட்சுமம் ஸ்பாஞ்சில் இருக்கிறது. மீன்கள் நலமாக இருக்கும்போதே அதைப் பெரிய தொட்டியின் நீரோட்டத்தில் சில வாரங்கள் போட்டுவைத்தால், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நச்சு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். நான் ஒருமுறை புது ஸ்பாஞ்சோடு அவசரமாகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. காரணம் நோயல்ல, அம்மோனியா. இப்போது சிகிச்சை முடியும்வரை தினமும் அம்மோனியாவையும் செம்பின் அளவையும் சோதிக்கிறேன். அம்மோனியா ஏறினால், அதே உப்பளவும் வெப்பமும் உள்ள நீரை மாற்றி, வெளியேறிய செம்பை ஈடுகட்டுகிறேன்.

ஃபில்டரில் கார்பன் (நீரைச் சுத்தமாக்கும் கரி) இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது பிடித்துக்கொள்ளும். வலையும் நீர் மாற்றும் குழாயும் இந்தத் தொட்டிக்கென்றே தனியாக இருக்கட்டும்.