ஹைவ்-என்ஜினில் சமூக டோக்கன்: வாங்குவது, விற்பது, வெளியே வருவது

ஹைவ் பிளாக்செயினில் எழுதும் குழுக்கள் வெளியிடும் சமூக டோக்கன்களை வாங்கி விற்கும் இடம் ஹைவ்-என்ஜின். அந்தச் சந்தையில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். டோக்கன் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் ‘கடைசி விலை’யை அதன் விலை என்றே நம்பிவிடுகிறார்கள். அது யாரோ கடைசியாக வாங்கிய விலை, அவ்வளவுதான். அவர் வாங்கியது மூன்றே டோக்கனாக இருக்கலாம்; வாங்கி ஒரு வாரமும் ஆகியிருக்கலாம். 2,000 டோக்கன் வேண்டுமென்றால் உங்களுக்கு என்ன விலை விழும் என்பதை ஆர்டர் புத்தகம்தான் சொல்லும்; யார் எத்தனை டோக்கனை எந்த விலைக்கு வாங்கவும் விற்கவும் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அது.

எது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச் 20 அன்று ஸ்டீம் என்ற பிளாக்செயினிலிருந்து பிரிந்த ஹைவ் சங்கிலிக்கு ஹைவ், எச்பிடி (டாலரை ஒட்டிய காசு) என்ற இரண்டு காசுகள்தான் சொந்தம். பீ, லியோ, இன்னும் எழுத்தாளர் குழுக்கள் வெளியிட்ட டோக்கன்கள் எல்லாம் அதன் மேல் ஓடும் இரண்டாம் அடுக்கான ஹைவ்-என்ஜினைச் சேர்ந்தவை. பீ டோக்கன் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் புது டோக்கன் உருவாக்கலாம். அதனால் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதே அதற்கு மதிப்பு உண்டு என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

சாவி, அதாவது கணக்கின் ரகசியக் கடவுச்சொல், விஷயத்தில் கவனம் தேவை. ஒரு கணக்குக்குப் பல சாவிகள் உண்டு. பதிவு போட, ஓட்டுப் போட போஸ்டிங் சாவி போதும். டோக்கனை நகர்த்தவும் ஆர்டர் போடவும் ஆக்டிவ் சாவி வேண்டும். அதை எந்த இணையதளத்திலும் நேரடியாக ஒட்டாதீர்கள். ஹைவ் கீச்செயின் என்ற உலாவி நீட்சியில் ஒருமுறை சேர்த்துவிட்டு, கையொப்பம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியில் தொகையைப் படித்துவிட்டு அனுமதியுங்கள். ஓனர் சாவிக்கு வியாபாரத்தில் வேலையே இல்லை. காகிதத்தில் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் இன்றே எழுதிப் பத்திரப்படுத்துங்கள். 0.001 ஹைவ் அனுப்பி, கூடவே வரும் மெமோவில் (குறிப்பில்) ‘பரிசு பெற இங்கே நுழையுங்கள்’ என்று இணைப்பு இருந்தால் அது சாவி திருடும் வலை.

இனி பணம் போடுவது. ஹைவ்-என்ஜின் தளத்தின் அல்லது அதே சந்தையைக் காட்டும் டிரைபல்டெக்ஸ் தளத்தின் வாலட்டில் டெபாசிட் அழுத்தி ஹைவைத் தேர்ந்தெடுத்தால், அது ஹைவ்-என்ஜினுக்குள் ஹைவுக்குப் பதிலாகப் புழங்கும் ஸ்வாப்.ஹைவ் ஆக மாறி வரும். சந்தையில் எல்லா விலையும் இந்த ஸ்வாப்.ஹைவில்தான். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இந்த மாற்றத்தைச் செய்துதரும் நுழைவாயில்காரர் ஒரு சிறு சதவீதம் பிடிப்பார்; இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உறுதி செய்யும் முன் ‘கிடைக்கும் தொகை’யைப் பாருங்கள். முதல் தடவை 5 ஹைவ் போட்டு, வாங்கி, விற்று, திரும்ப எடுத்துப் பார்த்துவிடுங்கள். முழுச் சுற்றுக்கு எவ்வளவு கழிகிறது என்பது அப்போதே கணக்கில் வந்துவிடும்.

ஆர்டர் புத்தகத்துக்கு வருவோம். ஒரு டோக்கனை 0.0200 விலைக்கு 500, 0.0210 விலைக்கு 400, அதற்கு மேல் 0.0290 விலைக்கு 3,000 என்று விற்க வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். வாங்குபவர்கள் தர முன்வரும் அதிகபட்ச விலை 0.0170. கையில் இருக்கும் 50 ஸ்வாப்.ஹைவையும் மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் ஆர்டரில்) போட்டால் முதல் 10-க்கு 500 டோக்கன், அடுத்த 8.4-க்கு 400 டோக்கன், மீதி 31.6-க்கு 0.0290 வீதம் ஏறக்குறைய 1,090 டோக்கன் வரும். மொத்தம் சுமார் 1,990, சராசரி விலை 0.0251. திரையில் பார்த்தது 0.0200. அதே நிமிடம் மனம் மாறி விற்கப் போனால், எல்லாமே 0.0170-க்குப் போனாலும் கையில் வருவது 34-க்கும் குறைவு. யாரும் ஏமாற்றவில்லை, விலையும் இறங்கவில்லை; 16 ஸ்வாப்.ஹைவ் போய்விட்டது.

ஆகவே விலையை நீங்களே குறிப்பிடும் லிமிட் ஆர்டர்தான். இதே சந்தையில் 0.0175-க்கு வாங்கும் ஆர்டரை வைத்துவிட்டுக் காத்திருங்கள். தானியங்கி நிரல்கள் 0.00000001 கூட்டி உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். விரட்டிப் போகாதீர்கள்; உங்கள் விலை உங்களுக்குக் கட்டுப்படியானால் அங்கேயே இருங்கள். பதிவர்களுக்குச் சம்பாத்தியம் பொதுவாகப் பதிவு போட்ட 7 நாளில் டோக்கனாகக் கிடைக்கிறது, அதை உடனே விற்றுவிடுபவர்கள் எப்போதும் உண்டு. காத்திருக்கும் ஆர்டர்களைத் தேடி வருவது பெரும்பாலும் அந்த டோக்கன்கள்தான். ஆர்டர் போட்டதும் பணம் இருப்பிலிருந்து கழிந்துவிடும். காணோமே என்று பதறாமல் திறந்திருக்கும் ஆர்டர்களைப் பாருங்கள். 30 நாளில் நிறைவேறாவிட்டால் காலாவதியாகிப் பணம் திரும்பிவிடும்.

பதிவர்களின் அந்த அன்றாட விற்பனைக்கு எதிரே வாங்க ஆள் இருக்கிறதா என்பதுதான் எந்த டோக்கனுக்கும் முதல் சோதனை. தினமும் எத்தனை புது டோக்கன் அச்சாகிறது, எத்தனை ஸ்டேக்கில், அதாவது விற்க முடியாதபடி பூட்டி வைத்து, கட்டுண்டு கிடக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் பட்டியலில் முதல் ஐந்து கணக்குகளின் கையில் பாதிக்கு மேல் இருந்தால், ஒருவர் விற்க நினைத்த நாளில் வாங்கும் பக்கம் மொத்தமும் காலியாகும். அந்தப் பட்டியலில் ‘நல்’ என்ற கணக்கு தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அதற்குள் போனவை எரிக்கப்பட்டவை.

ஸ்டேக் செய்வதற்கு முன் அவிழ்க்க எத்தனை நாள் ஆகும் என்பதைப் படியுங்கள். டோக்கனுக்கு டோக்கன் மாறுபடும். பல வாரங்களுக்குத் தவணை தவணையாக வருவதும் உண்டு. ஹைவையே பூட்டி வைத்தால் அது ஹைவ் பவர்; அதைக் குறைக்க 13 வாரம். விலை சரியும்போது ஸ்டேக்கில் இருப்பதை விற்க முடியாது.

ஆர்டர் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். புதுக் கணக்கில் ஹைவ் பவர் குறைவாக இருந்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் செலவாகும் ரிசோர்ஸ் கிரெடிட் தீர்ந்திருக்கும். முழுதாக நிரம்ப 5 நாள் ஆகும்; காத்திருங்கள், அல்லது கொஞ்சம் ஹைவை ஹைவ் பவர் ஆக்குங்கள். இன்னொன்று குழப்பமானது: உங்கள் கட்டளை ஹைவ் சங்கிலியில் வெற்றிகரமாகப் பதிவாகியிருக்கும், ஆனால் இருப்பு போதாமல் ஹைவ்-என்ஜின் அதை நிராகரித்திருக்கும். கீழ் அடுக்கு வெறுமனே செய்தியைத் தாங்கிச் செல்கிறது, சரிபார்ப்பது மேல் அடுக்கு. அதனால் ஹைவ்-என்ஜின் எக்ஸ்புளோரரில் (பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளத்தில்) அந்தப் பரிவர்த்தனை எண்ணைத் தேடிப் பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு வேலையும் உண்டு. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30% வரி, ஒன்றின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு மூன்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.

வெளியே எடுக்கும்போது ஸ்வாப்.ஹைவை முதலில் உங்கள் சொந்த ஹைவ் கணக்குக்கே கொண்டுவாருங்கள். பரிமாற்ற நிலையத்துக்கு (எக்ஸ்சேஞ்சுக்கு) டோக்கனையோ ஸ்வாப்.ஹைவையோ நேராக அனுப்பினால் அவர்கள் கணக்கில் ஏறாது. ஹைவாக மாறிய பிறகு, நிலையம் கொடுத்த மெமோவை எழுத்துப் பிசகாமல் ஒட்டி, முதலில் 1 ஹைவ் அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதி.