ஸ்மியரில் செப்சிஸ் தெரியுமா? லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

செப்சிஸ் என்பது கிருமித்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை. ரத்தத்தில் பாக்டீரியா இருப்பதை உறுதிப்படுத்துவது கல்ச்சர்தான் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது), ஆனால் அது வளர பெரும்பாலும் ஒரு நாள் போல ஆகும். ஸ்மியரோ (ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிச் சாயமிட்ட ரத்தம்) அரை மணியில் ஒரு தகவல் தரும், அந்த நேரம் நோயாளிக்கு ரொம்பப் பெரியது.

முதலில் ரத்தம். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய் வந்ததும், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போடுங்கள். குழாயிலேயே கிடந்தால் நல்ல நியூட்ரோஃபிலிலும் (கிருமியை விழுங்கும் ஒரு வகை வெள்ளையணு) குழிகள் விழும், அதைப் பார்த்து நோய் என்று எழுதிவிடக் கூடாது.

சின்னத் துளி போதும். ஸ்ப்ரெடரை (துளியைப் பரப்பும் கண்ணாடித் துண்டு) 30 முதல் 45 டிகிரி சாய்த்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள், நன்றாகக் காய விடுங்கள். வடிகட்டிய லீஷ்மன் சாயம் 2 நிமிடம், அதன் மேலேயே இரண்டு பங்கு பஃபர் (பிஎச் 6.8) ஊற்றி 8 நிமிடம் போல வைத்துக் கழுவுங்கள். கழுவும்போது சாயத்தைச் சாய்த்துக் கொட்டாமல், தண்ணீர் விட்டு மிதக்கவிட்டே வெளியேற்றுங்கள், இல்லையென்றால் சாயத்தூள் படியும்.

சரி, இப்போது 100 எக்ஸ் ஆயில் லென்ஸ். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொடும் இடத்தில் நியூட்ரோஃபிலைத் தேடுங்கள். தடித்த கருஊதாத் துகள்கள் (டாக்ஸிக் கிரானுலேஷன்), செல்லின் ஓரத்தில் வெளிறிய நீலத் திட்டு (டோலே பாடி), குழிகள், கூடவே நிறைய பேண்ட் செல்கள் (முழுதாக முதிராத நியூட்ரோஃபில்கள்). எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகம் பலமானது. ஆனால் கர்ப்பிணிகளிலும், ஜி-சிஎஸ்எஃப் (நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் மருந்து) ஊசி போட்டவர்களிலும் துகள்களும் திட்டும் வரும், அதனால் விவரம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அபூர்வமாக நியூட்ரோஃபிலுக்குள்ளேயே பாக்டீரியா தெரியும். நுண்திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: செல் தெளிவாக இருக்கும்போதே புள்ளிகளும் தெளிவாக, ஒரே அளவில், ஜோடியாகவோ சங்கிலியாகவோ இருந்தால் கிருமியாக இருக்கலாம். செல் மங்கிய பிறகு தெளிந்தால், அளவும் தாறுமாறாக இருந்தால், அது சாயத்தூள். லீஷ்மனில் எல்லாக் கிருமியும் நீல ஊதாதான், ஆகவே இன்னொரு ஸ்மியரில் கிராம் சாயம் (பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்துக் காட்டுவது) போடுங்கள்.

சாதாரண ஸ்மியரிலேயே கிருமி தெரிகிறதென்றால் ரத்தத்தில் அது ஏராளமாக இருக்கிறது என்று பொருள். அப்போது சிவப்பணுக்களையும் பாருங்கள். உள்ளே வட்டமான ஒற்றைக் கரும்புள்ளி (ஹோவெல்-ஜாலி பாடி) இருந்தால் மண்ணீரல் எடுக்கப்பட்டவரா என்று கேளுங்கள், நிமோகாக்கஸ் (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) இவர்களைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடும். உடைந்த சிவப்பணுக்களும் குறைந்த பிளேட்லெட்டும் சேர்ந்திருந்தால் டிஐசி (உடலெங்கும் சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் கோளாறு) வந்திருக்கலாம்.

கிருமி தெரியவில்லை என்பதற்காக "இல்லை" என்று எழுதாதீர்கள். தெரிந்தால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு போன் செய்யுங்கள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்துவையுங்கள், அந்த ஸ்லைடைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.