வடதுருவம் யாருடையது? வரைபடத்தில் அளந்து பார்க்கும் முறை

முதலில் வரைபடத்தை மாற்றுங்கள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதியிருக்கும். வடதுருவமோ படத்திலேயே இருக்காது. துருவம் நடுவில் வருகிற, கடலின் ஆழக்கோடுகளும் (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள படம் வேண்டும். 2,500 மீட்டர் கோட்டைப் பென்சிலால் அழுத்தி வரைந்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தூரத்தை அட்சரேகையில் அளந்து பாருங்கள். ஒரு பாகை 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்பதால் அவற்றின் இடைவெளியை நம்பக் கூடாது.

கரையோர அடிப்படைக் கோட்டிலிருந்து (வழக்கமாக, கடல் வற்றியிருக்கும்போது தெரியும் கரைக்கோடு) 12 கடல் மைல் அந்த நாட்டின் ஆட்சிக் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் அதற்கே. இனி துருவத்தைச் சோதிப்போம். அதற்கு மிக அருகில் உள்ள நிலங்களில் ஒன்று கிரீன்லாந்தின் காஃபெக்லூபன் தீவு, ஏறத்தாழ 83°40' வடக்கில். 90 பாகையிலிருந்து கழித்தால் 6°20', அதாவது 380 கடல் மைல். ஆகவே துருவத்தின் நீர்ப்பரப்பு யாருக்கும் சொந்தமில்லாத திறந்த கடல். அங்கே வணிக மீன்பிடிப்பைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தம் 2018இல் கையெழுத்தாகி 2021இல் நடைமுறைக்கு வந்தது. ரஷ்யா, அமெரிக்கா, சீனா மூன்றும் அதில் உண்டு.

கடலடிக்குக் கணக்கே வேறு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 76ஆம் பிரிவுப்படி, கண்டச் சரிவின் அடியிலிருந்து (கண்டத்தின் விளிம்பு சரிந்து ஆழ்கடல் தரையைத் தொடும் இடம்) 60 கடல் மைல் வரை, அல்லது அடியிலிருந்து உள்ள தூரத்தில் 1 சதவீதத் தடிமனுக்கு வண்டல் இருக்கும் இடம் வரை (100 கி.மீ. தள்ளி என்றால் 1 கி.மீ. வண்டல்) ஒரு நாடு உரிமை கோரலாம். இதற்கு உச்சவரம்பு இரண்டு: கரையிலிருந்து 350 கடல் மைல், அல்லது 2,500 மீட்டர் ஆழக்கோட்டிலிருந்து 100. எது தள்ளிப் போகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கண்டத்தின் பகுதியாக இல்லாத வெறும் கடலடி முகடு (கடலுக்கடியில் உள்ள மலைத்தொடர்) என்றால் 350 மட்டுமே. துருவம் 380இல் இருக்கிறது! ரஷ்யா, கிரீன்லாந்தை வைத்திருக்கும் டென்மார்க், கனடா மூன்றும், சைபீரியப் பக்கத்திலிருந்து துருவத்தை ஒட்டி கிரீன்லாந்து, கனடா பக்கம் வரை ஓடும் லொமொனொசோவ் முகட்டைத் தங்கள் கண்டத்தின் இயற்கையான தொடர்ச்சி என்று பாறை மாதிரிகளோடு வாதாடுவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த வாதம் வென்றால் மூவருக்குமே வெல்லும்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 2007இல் ரஷ்யா கடலடியில் நட்ட கொடிக்குச் சட்ட மதிப்பு இல்லை. 2023இல், இத்தகைய கடலடிக் கோரிக்கைகளை ஆராயும் ஐ.நா. ஆணையம் ரஷ்யத் தரவுகளில் பெரும்பகுதியை ஏற்றதும் பட்டா ஆகாது. கோரிக்கைகள் மோதும் இடத்தில் கோடு போடும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. நாடுகளே பேசித் தீர்க்க வேண்டும். இரு நாடுகளுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலில் சுமார் 1,75,000 சதுர கி.மீ.யை நார்வேயும் ரஷ்யாவும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள 40 ஆண்டுகள் பிடித்தன (2010).

நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக்கு வந்தால் அளவுகோலை மூடிவைத்துவிட்டு 1920 ஒப்பந்தத்தைப் படியுங்கள். தீவுகள் நார்வேக்கு, ஆனால் அங்கும் ஆட்சிக் கடலிலும் மீன்பிடிக்கவும் சுரங்கம் தோண்டவும், இந்தியா உட்பட ஒப்பமிட்ட எல்லா நாட்டவருக்கும் சம உரிமை. அந்த உரிமை 200 கடல் மைல் வரை நீளுமா என்பதில் நார்வே ‘இல்லை’ என்கிறது, ரஷ்யா ஏற்க மறுக்கிறது.